ஆமென்னுக்குப் பிறகு

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவன் டார்வின், என் மகள் கிருபாவுடைய கொழுந்தன். போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம். தூத்துக்குடியில் கிருபா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான்தான் ஜெபம் பண்ணினேன். யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைத்தான் பண்ணச் சொல்வார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் எல்லோரும் பிரியாணியில் கை வைத்துவிட்டார்கள். இந்தப் பையன் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அத்தை, நீங்க எப்பவாச்சும் பெங்களூர்ல ஒரு கச்சேரிக்குப் போயிருக்கியளா?"

போயிருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை.

உங்களுக்குக் கேட்கிறதா அம்மா? இந்த ரயில் சத்தத்தில் என் குரல் எங்கே எட்டப் போகிறது. கீழ் பெர்த்தை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள், நன்றாக இருப்பீர்கள். முட்டியை மடக்கி மேலே ஏறுகிற வயசெல்லாம் போய்விட்டது. ஓசூரில் இறங்க வேண்டும். என் மகன் ஆசீர் அங்கேதான் இருக்கிறான். நான் வருகிறது அவனுக்குத் தெரியாது. சொல்லிக்கொண்டு போனால் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பான், பையை வாங்கிக்கொள்வான், வழியெல்லாம் என் மாத்திரையைப் பற்றியே பேசுவான். இது அப்படிப் போகிற போக்கு இல்லை.

ஆசீர் கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சல் வந்து ஜன்னி கண்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டுப் பொருத்தனை பண்ணினேன். பொருத்தனை என்றால், உங்கள் பக்கம் நேர்ந்துவிடுகிறது என்று சொல்வார்கள் இல்லையா, அது. பிள்ளையைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே, இவனை உம்முடைய ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்றேன். கொடுத்தார். விடியும்போது பால் கேட்டு அழுதான்.

அதனால்தான் அவன் கிட்டார் கற்றுக்கொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் சபையிலேயே ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்தார். எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் எழுந்து ஜெபம் பண்ணும்போது பின்னால் கிட்டார் மெல்ல வாசித்துக்கொண்டே இருக்கும். ஜெபிக்கிறவர் குரல் ஏறினால் அதுவும் ஏறும். அவர் அழுதால் அதுவும் அடங்கும். ஆமென் சொன்னதும் மூன்று கம்பியை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு நிறுத்துவார்கள். அது கிட்டார்காரனுடைய ஆமென். மீசை முளைக்காத வயசிலிருந்தே என் ஜெபத்துக்கு ஆசீர்தான் வாசித்தான். அடுத்து நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு முன்னால் அவன் விரலுக்குத் தெரியும். பாஸ்டரம்மாவே சொல்வார்கள், தாயும் பிள்ளையும் ஜெபித்தால் கூரை திறந்துவிடும் என்று.

பிறகு படித்து முடித்து வேலைக்கென்று பெங்களூர் போனான். அங்கே நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். அதற்கு இவன் வைத்த பேர் உப்பளம். "ஏல, உலகத்துல வேற பேரே கெடைக்கலையா, எங்க அப்பா அதுல காஞ்சு கருகினது போதாதா" என்று கேட்டேன். சிரித்தான். அவர்கள் வாசிக்கிறதில் வாய்ப்பாட்டே கிடையாது. ஒரு பாட்டைத் தொடங்கினால் அது எங்கே போகும், எப்போது முடியும் என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாதாம். ஒருத்தன் ஒன்று வாசிப்பானாம், அதைக் கேட்டு இன்னொருத்தன் பதில் சொல்வானாம், பேச்சு மாதிரி போய்க்கொண்டே இருக்குமாம். அதற்கு ஜாம் என்று பேர். எங்கள் சபையில் ஆராதனையே அவ்வளவு நேரம் போகாது.

சனி, ஞாயிறு எல்லாம் அதிலேயே போனது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போறியால என்று கேட்டால், போறேம்மா என்பான். எந்தச் சபை என்று கேட்டால் சாப்பிட்டியாம்மா என்பான். என் வீட்டுக்காரர் அப்போது இல்லை, முந்தின வருஷம்தான் தவறியிருந்தார். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? நேர்ந்து கொடுத்த பிள்ளை. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிறது இல்லையா? கண்ணை மூடினால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் வரும். பிள்ளைக்குத் தும்மல் வந்தால்கூட எனக்குப் பயமாக இருக்கும்.

ஒருநாள் அழுதுவிட்டேன். அப்போதுதான் அவன் சொன்னான்: "ஒருக்கா வந்து கேளும்மா. கேட்டுட்டு நீ என்ன சொல்லுதியோ அதும்படி நடக்கேன்."

சரி என்று போனேன்.

பெங்களூருக்கு வெளியே ஒரு நர்சரித் தோட்டம். சுற்றிலும் பூச்செடித் தொட்டி, நடுவே புல்வெளி. அந்தப் புல்வெளியில் மேடை. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் கச்சேரி. மழை மேகத்தில் மானம் கறுத்துக் கிடந்தது. மேளம் வாசிக்கிற பையன், குடகுக்காரன், பொன்னப்பா என்று பேர், வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். தமிழ் அரைகுறைதான். "அம்மா வந்தது நமக்கு லக்கி" என்று காகிதக் கோப்பையில் டீ கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பிள்ளை. எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான், நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆசீர் எனக்காக எங்கிருந்தோ ஒரு நாற்காலி தூக்கிவந்தான். அந்தக் கூட்டத்துக்கே அது ஒன்றுதான் நாற்காலி. எங்கே போடட்டும்மா என்றான். புல்வெளி நடுவில் ஒரு நீளக் கம்பி நட்டிருந்தது, தலையில் பஞ்சு சுற்றின மாதிரி என்னவோ இரண்டு. சுற்றிலும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. யாரும் இடிக்காமல் உட்காரலாம். அதோடு அந்தக் கம்பியை நான் இடிதாங்கி என்று நினைத்தேன் அம்மா. மானம் உறுமுகிறது, வெட்டவெளி, இடிதாங்கிக்குப் பக்கத்தில் இருந்தால் பயமில்லை என்று அங்கேயே போடச் சொன்னேன். கம்பிக்குக் கீழே தாடி வைத்த ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். பிறகு உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். இந்த இடத்திலும் பயபக்தியுள்ள ஒருத்தர் இருக்கிறாரே என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அது மைக் என்று டார்வின் சொல்லித்தான் தெரியும். அந்த மாதிரிக் கச்சேரிகளில் கேட்க வருகிறவர்களே பதிவு பண்ணிக்கொள்ளலாமாம். குழுவே விட்டுவிடுவார்களாம். ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி வாசிப்பதால், அன்றைக்கு வாசித்தது அன்றைக்கு மட்டும்தானே, அதனால் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்கிக்கொள்வார்களாம். காசு கீசு ஒன்றும் கிடையாதாம். அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் பேசக்கூடாது, அதுதான் முறை. எனக்கு யார் சொன்னார்கள்?

தொடங்கினார்கள். எப்படி வாசித்தான் என்று கேட்காதீர்கள், எனக்குச் சொல்லத் தெரியாது. சத்தம், நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கிற சத்தம். பக்கத்தில் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, கையை உயரத் தூக்கிக்கொண்டு, அவரவர் நின்ற இடத்திலேயே ஆடுகிறார்கள். ஒரு பெண் முகமெல்லாம் கண்ணீராக நிற்கிறாள். எங்கள் சபையிலும் அப்படித்தான் நிற்போம். இவர்கள் யாரை நினைத்துக் கையைத் தூக்குகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயம். வெறும் ஆட்டமாக இருந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். எங்களுக்கு வாய்க்குள் ஜெபிக்கிற பழக்கம் கிடையாது. அந்த இரைச்சலில் யார் காதிலும் விழாது என்ற தைரியம் வேறு. "ஆண்டவரே, இந்த விரலை நீர் கொடுத்தீர். உமக்கென்று கேட்டு வாங்கினேன். உமக்கு ஆகாத விரல் இவனுக்கு எதற்கு? எடுத்துக்கொள்ளும். இந்தக் கூட்டத்திலிருந்து என் பிள்ளையைப் பிடுங்கி எடும். இந்தச் சத்தத்தை அவனுக்குள் அவித்துப் போடும்" என்று கேட்டேன். தப்பாக என்ன கேட்டேன் அம்மா? தாய் கேட்காமல் பிள்ளைக்காக வேறு யார் கேட்பார்கள்?

ஜெபிக்க ஜெபிக்க எனக்குள் ஒரு அபிஷேகம், பரிசுத்த ஆவி இறங்குகிறது என்போமே, அது. அதை எப்படிச் சொல்வது! கொஞ்ச நேரத்தில் அந்த இடமே மாறிவிட்டது. மேளம் இல்லை, இரைச்சல் இல்லை. நான் எங்கள் சபையிலேயே நிற்கிறது போல, என் குரலுக்கு அடியில் மெல்லிசாகக் கிட்டார் வருகிறது. நான் ஏறினால் ஏறுகிறது. நான் அழுதால் அடங்குகிறது. ஆவியானவர் இந்தப் புல்வெளியிலேயே இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்து, வாய்விட்டுக் கதறி, ஆமென் என்று முடித்தேன். முடிக்கவும் சடசடவென்று தூறல். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குகிறதிலேயே என் கவனமெல்லாம் போய்விட்டது. மேடையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை.

ஆசீர் நனைந்துகொண்டே வந்தான். கையில் கிட்டார் இல்லை. "போலாமாம்மா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். கேட்டியாம்மா, எப்படி இருந்துச்சும்மா, எதுவுமே கேட்கவில்லை. பொன்னப்பா பின்னாலேயே ஓடிவந்தான். ஆசீர் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

அதன் பிறகு ஆசீர் வாசிக்கவே இல்லை அம்மா. குழு ஒரு மாசத்தில் கலைந்துபோனது. பொன்னப்பா எனக்கு ஒரு தடவை போன் பண்ணி, "அம்மா, அவனைத் திரும்பக் கொஞ்சம் அனுப்புங்கம்மா" என்றான். உனக்காகவும் ஜெபம் பண்ணுகிறேன் தம்பி என்று சொன்னேன்.

எப்பேர்ப்பட்ட பதில் பாருங்கள்! கேட்ட அன்றைக்கே. அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். எனக்கு ஆண்டவர் செய்தது இது என்று எல்லோருக்கும் முன்னால் எடுத்துச் சொல்வது எங்களில் உண்டு. சபையே கண்ணீர் விட்டது. அதிலிருந்து வருஷாவருஷம், ஆண்டவருக்கு நன்றி சொல்கிற ஸ்தோத்திரக் கூட்டத்தில் இந்தச் சாட்சியைத்தான் சொல்லச் சொல்வார்கள். பிள்ளை குடிக்கிறான், பிள்ளை பேச்சுக் கேட்கவில்லை என்று எந்தத் தாய் வந்தாலும் பாஸ்டரம்மா என்னிடம்தான் அனுப்புவார்கள். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். என்னுடைய கையில் என்ன இருக்கிறது, எல்லாம் அவர்தான் என்று சொல்வேன்.

ஆசீரும் நன்றாகத்தான் இருக்கிறான். ஓசூரில் வேலை, கல்யாணம் ஆயிற்று, மருமகள் தங்கமான பிள்ளை. ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. ஒரு குறை சொல்ல முடியாது. டிவியில் பாட்டு வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறான் என்று மருமகள் ஒரு தடவை சொன்னாள். வேலை அலுப்பாக இருக்கும் என்றேன். ஒருநாள் நானே கேட்டேன், "சபையிலயாவது வாசிக்கலாம்லா? ஆண்டவருக்குன்னு வாசிக்கதுல என்ன?" என்று. "அந்த விரல்தான் போயிட்டுதேம்மா" என்றான். கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து, ராத்திரி படுக்கும்போது நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன். சரிம்மா என்றான்.

சமோசா வேண்டாம் தம்பி, போ. நீங்கள் வேண்டுமானால் வாங்குங்கள் அம்மா. எனக்கு இரண்டு நாளாகவே எதுவும் இறங்கவில்லை.

டார்வின் சொன்னது என்னவென்றால், அந்தத் தாடிக்காரர் பதிவு பண்ணினது அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறதாம். இந்த இசை பிடித்தவர்கள் நடுவில் அதற்குப் பெரிய பேராம். வெளிநாட்டில் எல்லாம் கேட்கிறார்களாம். "எல்லாத்தையும் விட்டுட்டு அந்த ஒரு இடத்தத்தான் கேப்பாங்க அத்தை. மேளம் நிக்கும், மத்தவங்க எல்லாம் நிப்பாட்டிருவாங்க. ஒரு அம்மா குரல் மட்டும் வரும், அடியில கிட்டார். அந்த அம்மா யாருன்னு யாருக்குமே தெரியாது. குழுவுல பாட வந்தவங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க" என்றான். இவன் பல வருஷமாகக் கேட்டிருக்கிறான். அன்றைக்குச் சாப்பாட்டு ஜெபத்தில் என் குரலைக் கேட்டதும்தான் பொறி தட்டியிருக்கிறது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் அம்மா, பொய் சொல்ல மாட்டேன். மொழி தெரியாத தேசத்தில்கூட என் ஜெபம் கேட்கிறதே என்று ஸ்தோத்திரம் சொன்னேன். டார்வின் போனில் போட்டான். என் குரல். "உமக்கு ஆகாத விரல் இவனுக்கு எதற்கு..." அந்த இடம் வந்ததும் கிருபா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். போகும்போது சொன்னாள்: "அது அவனுக்குக் கேட்டிருக்கும்மா. அவன்தானே வாசிச்சிருக்கான்."

நிறுத்து தம்பி என்றேன். நிறுத்திவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆசீருக்குப் போன் போட்டேன்.

"ஏல, அன்னைக்கு நான் ஜெபிச்சது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. எல்லாருக்கும் கேட்டுச்சு."

"பொறவு ஏம்ல இத்தன வருஷமா சொல்லல?"

"அதுக்குள்ள நீ சபையில சாட்சி சொல்லிட்டியேம்மா."

பிறகு அவனே, மாத்திரை போட்டியாம்மா என்று கேட்டான்.

இப்போது எனக்கு என்ன கவலை என்றால், நான் சொன்னது பொய்ச்சாட்சியா? ஆண்டவர் செய்தார், ஆண்டவர் செய்தார் என்று இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன். அவன் என் சத்தத்தைக் கேட்டுத்தான் கையை எடுத்தான் என்றால் அதை யார் செய்தது? பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். "அவர் ஒங்க சத்தத்தையே கருவியா எடுத்துக்கிட்டாரு, இதுல என்ன இருக்கு" என்றார்கள். நியாயம்தான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் அடியில் கிட்டார் வருகிற மாதிரி இருக்கிறது. அடுத்த வாரம் ஸ்தோத்திரக் கூட்டம். இந்த வருஷமும் சாட்சிக்கு என் பேரைத்தான் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டேன்.

டார்வின் இன்னொன்றும் சொன்னான், கடைசியாக, நான் கிளம்பும்போது. நான் ஆமென் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லையாம். தூறல் சத்தம் மட்டும்தானாம். அதன் பிறகு கிட்டாரிலிருந்து லேசாக ஒரு சத்தம் வருகிறதாம், அதோடு முடிந்துபோகிறதாம். அது என்ன சத்தம் என்பதில்தான் கேட்கிறவர்களுக்குள் பெரிய சண்டையாம். வேண்டுமென்றே வாசித்தது என்கிறார்களாம் சிலர். கிட்டாரைக் கீழே வைக்கும்போது கம்பி எதிலோ தட்டுப்பட்டது, அது தற்செயல் என்கிறார்களாம் சிலர்.

அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும் அம்மா. என் ஆமென்னுக்குப் பின்னால் அவன் அந்த மூன்று கம்பியைத் தொடுகிறதை எத்தனை வருஷம் கேட்டவள் நான். கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அது அவனுடைய ஆமென்தான் என்றால், பிள்ளையும் என்னோடு சேர்ந்துதான் அந்த விரலைக் கொடுத்திருக்கிறான். அப்படியென்றால் நான் அவன் வீட்டுக் கதவைத் தட்டலாம். இல்லை, அது சும்மா கீழே வைத்த சத்தம்தான் என்றால்...

என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கதவைத் தட்டுவதற்கு முன்னால் எனக்கு அது தெரிய வேண்டும்.

டார்வின் என் போனில் ஏற்றித் தந்திருக்கிறான். இதோ, இதுதான். பெட்டியில் இத்தனை பேர் நடுவே சத்தமாகப் போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் காதில் மாட்டியிருந்தீர்களே, அதைக் கொஞ்ச நேரம் தருவீர்களா அம்மா? எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரியாது, நீங்களே மாட்டிவிடுங்கள். என் குரல் வருகிற இடத்துக்குத் தள்ள வேண்டாம். முதலிலிருந்தே வையுங்கள்.